உயில் நிறைவேற்றுநர் பொறுப்பு: ஏற்பதும் விலகுவதும்

தமிழ்நாட்டில் உயில் எழுதும் பலர், அதை நிறைவேற்றும் பொறுப்பை யாருக்குக் கொடுக்கிறார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. தங்கை வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணக்கு வழக்கு தெரிந்தவர். அல்லது தாய்மாமன், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மனிதர். அல்லது சென்னையில் இருக்கும் அக்கா மகன், கோர்ட்டு கச்சேரி விவகாரம் புரிந்தவன். ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்ற நம்பிக்கையில் பெயர் எழுதப்பட்டுவிடுகிறது. காரியமெல்லாம் முடிந்து, பீரோவிலிருந்து உயிலை எடுத்துப் படிக்கும்போதுதான் அந்த மனிதருக்கே செய்தி தெரிகிறது. உறவினர் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருக்கும் துக்க வீட்டில் ‘என்னால் முடியாது’ என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. தலையாட்டிவிடுகிறார்கள். பிறகு உடம்பு முடியாமலோ, ஊரில் இல்லாமலோ, இரண்டு பங்காளிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டோ அந்த வேலையைச் செய்யாமலே காலம் தள்ளுகிறார்கள்.

இந்த விஷயத்தில் நம் குடும்பங்களைவிடச் சட்டம் இரக்கமாக நடந்துகொள்கிறது. உயிலில் பெயர் இருப்பதாலேயே யாரும் நிறைவேற்றுநர் ஆகிவிடுவதில்லை. ஏற்கலாம், மறுக்கலாம், மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த உரிமை எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு பேச்சோடு முடிகிற காரியம், அவர் இறந்தபின் கையெழுத்திட்ட எழுத்தாகிறது. சொத்தில் கை வைத்தபின் சட்டச் சிக்கலாகிறது. நீதிமன்ற ஆணை பெற்றபின் இன்னொரு நீதிமன்ற ஆணை இல்லாமல் நடக்காததாகிறது. விலகுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஏற்கவும் செய்யாமல், விலகவும் செய்யாமல் இருப்பவரால்தான் வாரிசுகள் கெடுகிறார்கள் என்பதே இந்தக் கேள்வியைப் பல பக்கமிருந்தும் பார்த்தபின் எனக்கு உறுதியாகப்படுவது.

இந்தியாவில் இதற்கான அடிப்படைச் சட்டம் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். அதன் 211-ஆம் பிரிவின்படி, இறந்தவரின் சொத்து முழுவதும் நிறைவேற்றுநரிடம் வந்து சேர்கிறது. எல்லாக் காரியங்களுக்கும் அவரே இறந்தவரின் சட்டப் பிரதிநிதி. கௌரவப் பதவி என்று நினைத்துத் தலையாட்டியவர் இந்த ஒரு வரியைப் படித்தாலே திகைத்துப்போவார். ஈமச் செலவுக்குப் பணம் ஒதுக்குவது, வங்கிக் கணக்கு, லாக்கர், பங்குப் பத்திரம், வாடகை, வரவேண்டிய கடன் எல்லாவற்றையும் திரட்டுவது, இறந்தவரின் வருமான வரிக் கணக்கை முடிப்பது, சொத்து பிரிக்கப்படும்வரை அதில் வரும் வருமானத்துக்கு வரி கட்டுவது என்று வேலை நீள்கிறது. கடன் அடைப்பதில் வரிசை உண்டு. ஈமச் செலவும் கடைசி நோயின் மருத்துவச் செலவும் முதலில். நீதிமன்றச் செலவு அடுத்தது. அதற்கடுத்து, கடைசி மூன்று மாதத்தில் இறந்தவரிடம் வேலை பார்த்த கூலியாள், கைவினைஞர், வீட்டுப் பணியாளர் ஆகியோரின் சம்பளப் பாக்கி. (சமையல்கார அம்மாவின் பாக்கியை வங்கிக் கடனுக்கு முன்னால் வைத்த அந்தப் பிரிவை எழுதியவர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.) கடன்கள் எல்லாம் தீர்ந்த பிறகே உயிலில் சொன்னவர்களுக்குப் பங்கு.

புரொபேட் என்று நீதிமன்றங்களில் சொல்லப்படும் மெய்ப்பிப்பு ஆணையைப் பெற்றால், ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சொத்தைத் தவறாகப் பயன்படுத்தி நட்டம் வந்தால் அதை ஈடுகட்ட வேண்டியவர் நிறைவேற்றுநர். வசூலிக்க வேண்டியதை அசட்டையால் வசூலிக்காமல் விட்டு நட்டம் வந்தாலும் அப்படியே. கமிஷன் எடுப்பதாக இருந்தால்கூட, அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரல் என்ற அரசு அலுவலருக்கு நிர்ணயித்த விகிதத்தைத் தாண்டக் கூடாது. உறவுக்காரர் எவரும் அதைக்கூடக் கேட்பதில்லை. கையில் ஒரு காசும் வராத, ஆனால் தன் சொந்தப் பணத்துக்கே ஆபத்து வரக்கூடிய வேலை இது. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் இதைக் கண்டு பின்வாங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுப்பதற்குச் சிறந்த நேரம் உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும் நேரம்தான். இஸ்லாமியச் சட்டத்தின் ஹனஃபி மரபு இதில் மிகவும் கூர்மையானது. அங்கே நிறைவேற்றுநருக்கு வஸீ என்று பெயர். நியமித்தவரின் எதிரில் பொறுப்பை ஏற்றுக்கொண்ட வஸீ, பிறகு விலக நினைத்தால் அவர் உயிரோடு இருக்கும்போது அவருக்குத் தெரியும்படி விலக வேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் விலகினால் செல்லாது. அவர் இறந்த பின்னும் விலக முடியாது. அவர் இந்த மனிதரை நம்பியே கண் மூடினார். அந்த நம்பிக்கையை அவர் போனபின் உடைத்தால் வேறொருவரைத் தேட அவரால் முடியாது என்பதே காரணம். ஆனால் நியமனத்தின்போது ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், இறப்புக்குப் பிறகு இரண்டில் எதையும் செய்யலாம். இறந்தவரின் பொருளில் ஒன்றை எடுத்து விற்றால் அந்த விற்பனையே ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஆங்கிலேயச் சட்டத்தின் வழிவந்த இந்தியச் சட்டம் முதல் பாதியில் இவ்வளவு கடுமை காட்டவில்லை. உயிரோடு இருந்தபோது ‘சரி’ என்றவர்கூட, சொத்தில் கை வைக்காதவரை பிறகு மறுக்கலாம். சட்டத்தின் கணக்கில் இது சரி. மனிதக் கணக்கில் ஹனஃபி அறிஞர்கள் சொன்னதே நேர்மையான பாதை என்று நான் நம்புகிறேன்.

இலக்கிய உலகில் எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு இதை இன்னும் தெளிவாக்கும். 1924 ஜூனில் இறந்த ஃபிரான்ஸ் காஃப்கா, தன் வெளிவராத எழுத்துக்களைப் படிக்காமலே எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். பிராட் எரிக்கவில்லை, அடுத்த ஆண்டே ‘விசாரணை’ நாவலை வெளியிட்டார். அதற்கு அவர் சொன்ன விளக்கம் நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. இந்த வேலையைத் தான் செய்யப்போவதில்லை என்று காஃப்காவிடம் அவர் இருக்கும்போதே சொல்லியிருந்ததாகவும், அந்த முடிவை உண்மையிலேயே விரும்பியிருந்தால் காஃப்கா வேறொருவரை நியமித்திருக்க வேண்டும் என்றும் பிராட் எழுதினார். அவர் செய்தது சரியா தவறா என்று நூறு ஆண்டாகப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. பொறுப்பை மறுத்துவிட்டு, அதே பொறுப்பு தந்த இடத்தில் அமர்ந்து நேர் எதிரானதைச் செய்தது எனக்கு உறுத்துகிறது. ஆனால் முகத்துக்கு நேராகச் சொன்னார் என்பதை அவரிடமிருந்து பறிக்க முடியாது. நம் வீடுகளில் அந்த அளவுகூடச் சொல்வதில்லை.

கேட்காமலே நியமிக்கப்பட்டு, ஏற்று, சாதித்தவர்களும் உண்டு. ஆல்ஃபிரட் நோபல் 1896 டிசம்பர் 10 அன்று சான் ரெமோவில் இறந்தபோது, உயிலில் இரு நிறைவேற்றுநர் பெயர் இருந்தது. ஒருவர் ராக்னர் சோல்மன், அப்போது வயது 26. சட்டம் படித்தவரல்லர், வேதிப் பொறியாளர். நோபலின் உறவினர்களில் ஒரு பகுதியினர் உயிலை எதிர்த்தார்கள். சொத்து பல நாடுகளில் சிதறிக் கிடந்தது. பரிசை வழங்க வேண்டிய அமைப்புகளே தயங்கின. பாரிசில் இருந்த பத்திரங்களைக் குதிரை வண்டியில் வைத்துத் துப்பாக்கியோடு காவலிருந்து கொண்டுபோன கதையைச் சோல்மனே எழுதியிருக்கிறார். உறவினர்களோடு 1898-இல் சமரசம் ஆகி, 1900 ஜூனில் நோபல் அறக்கட்டளையின் விதிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஓர் இளைஞன் மூன்றரை ஆண்டு வாழ்க்கையை இதில் கொட்டினான். அவன் முதல் வாரத்திலேயே ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லியிருந்தாலும் சட்டம் அவனைத் தடுத்திருக்காது. எவ்வளவு பெரிய வேலையை நாம் ஒருவர் தலையில் அவர் சம்மதமில்லாமல் வைக்கிறோம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி, இறப்புக்கும் பொறுப்பில் இறங்குவதற்கும் இடைப்பட்ட நாட்கள். விலகலைப் பொறுத்தவரை எல்லாமே இந்தச் சில வாரங்களில்தான் தீர்மானமாகிறது.

வாரிசுரிமைச் சட்டத்தின் 230-ஆம் பிரிவு விலகலுக்கு இரண்டு வழி சொல்கிறது: நீதிபதி முன்னிலையில் வாய்மொழியாகச் சொல்லலாம், அல்லது தானே கையெழுத்திட்ட எழுத்தில் சொல்லலாம். முத்திரைத்தாள் வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்றெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை. ஆனாலும் நோட்டரி முன் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி வைத்து, உயிலில் பெயருள்ள எல்லாருக்கும் ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் ஒரு பிரதி அனுப்புவது நல்லது. நாளை யாராவது நீதிமன்றம் போனால் முதலில் தேடப்படும் காகிதம் அதுதான். எழுத வேண்டியது மிகக் குறைவு. இன்னார் இன்ன தேதியில் எழுதிய உயிலில் என்னை நிறைவேற்றுநராக நியமித்துள்ளார். அந்தப் பொறுப்பை நான் ஏற்கவில்லை, முழுவதுமாகத் துறக்கிறேன். இறந்தவரின் சொத்து எதிலும் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். இவ்வளவு போதும். குடும்பச் சண்டையையும் மனக்குறையையும் அதில் எழுத வேண்டியதில்லை.

அதே பிரிவு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. ஒருமுறை துறந்தால், அந்த உயிலுக்குப் புரொபேட் கேட்கும் உரிமை அவருக்கு என்றைக்கும் இல்லை. இங்கிலாந்தில் துறந்தவர் நீதிமன்ற அனுமதியோடு தன் துறப்பைத் திரும்பப் பெற முடியும். எளிதில் கிடைக்காது, ஆனால் வழி இருக்கிறது. நம் சட்டத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கோபத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும். பாதியை ஏற்றுப் பாதியை விடவும் முடியாது. ‘வங்கிப் பணத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், நிலத் தகராறு எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல ஆங்கிலப் பொதுச் சட்ட மரபு இடம் தரவில்லை.

சிக்கலான இடம் ‘கை வைப்பது’ எது என்பது. இறந்தவரின் கடனை வசூலித்தால், அவர் சொத்தை விற்றால், நான்தான் நிறைவேற்றுநர் என்று வங்கிக்கு எழுதிப் பணம் எடுத்தால் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அதன்பின் எழுதித் தரும் துறப்புக்கு மதிப்பில்லை. ஆனால் ஈமச் சடங்கை நடத்துவது, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துவது, நகையைப் பட்டியலிட்டு எடுத்து வைப்பது, மாட்டுக்குத் தீனி போடுவது போன்றவை அந்த வகையில் சேரா. உரிமையின்றிச் சொத்தில் நுழைபவரைப் பற்றிப் பேசும் 303-ஆம் பிரிவு, சொத்தைப் பாதுகாப்பதையும் ஈமக்கடன் செய்வதையும் குடும்பத்தின் உடனடித் தேவையைக் கவனிப்பதையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. பயந்துகொண்டு பிணத்தை எடுக்கவும் முன்வராமல் நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

நடுவே ஒரு சாம்பல் நிறப் பகுதி இருக்கத்தான் செய்கிறது. 1968-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ‘ஹோல்டர் எதிர் ஹோல்டர்’ வழக்கு அதைப் பற்றியது. ஒரு விவசாயி தன் மனைவியையும் ஒரு மகளையும் ஒரு மகனையும் நிறைவேற்றுநர்களாக நியமித்து இறந்தார். அந்த மகன் ஏற்கெனவே தந்தையின் பண்ணையைக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தவர். தொடக்கத்தில் காசோலைகளில் கையெழுத்திட்டது போன்ற சில சிறு வேலைகளைச் செய்துவிட்டு, பிறகு முறைப்படி பொறுப்பைத் துறந்தார். பண்ணை ஏலத்துக்கு வந்தபோது அதை அவரே வாங்கினார். சகோதரர் ஒருவர் வழக்குப் போட்டார்: நிறைவேற்றுநர் தன் பொறுப்பில் உள்ள சொத்தைத் தானே வாங்கக் கூடாதே! முன்னரே கை வைத்துவிட்டதால் அந்த மகன் துறந்தது செல்லாது என்று அவர் தரப்பே ஒப்புக்கொண்டிருந்தது. அப்படி ஒப்புக்கொண்டிருக்கத் தேவையில்லையோ என்ற ஐயம் நீதிபதிகளுக்கே எழுந்தது. முடிவில், அவர் உண்மையில் நிறைவேற்றுநராக நடந்துகொள்ளவே இல்லை, பண்ணையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குத்தகைதாரராகத் தெரிந்ததே என்று கண்டு, வாங்கியது செல்லும் என்றது நீதிமன்றம். அவர் வென்றார். ஆனால் சில கையெழுத்துகளுக்காக மேல்முறையீடு வரை நடக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் குத்தகை நிலத்தையோ கூட்டுத் தொழிலையோ இறந்தவரோடு பகிர்ந்துகொண்ட தம்பி அல்லது மைத்துனரே நிறைவேற்றுநராகவும் இருப்பது சாதாரணம். அவர்களுக்கு நான் சொல்வது: உங்கள் சொந்த நலன் அந்தச் சொத்தில் கலந்திருந்தால், முதல் காசோலைக்கு முன்னாலேயே விலகிக்கொள்ளுங்கள்.

விலகினால் பங்கு போய்விடுமா என்பது மெல்லிய குரலில் எல்லாரும் கேட்கும் கேள்வி. வாரிசாகவோ, உயிலில் மகன், தம்பி என்ற முறையிலோ கிடைக்கும் பங்கு, பொறுப்பைத் துறப்பதால் போகாது. ஆனால் 141-ஆம் பிரிவைப் பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. நிறைவேற்றுநராகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கு உயிலில் ஏதாவது கொடை இருந்தால், அவர் உயிலை மெய்ப்பித்தாலோ நிறைவேற்றுநராகச் செயல்படும் எண்ணத்தை வேறு வகையில் காட்டினாலோ ஒழிய அந்தக் கொடை அவருக்குக் கிடைக்காது என்கிறது அது. உழைப்புக்கு ஈடாகக் கொடுத்தது என்று சட்டம் ஊகித்துக்கொள்கிறது. உயில் சொன்ன முறையில் ஈமச் சடங்குக்கு ஏற்பாடு செய்துவிட்டு, புரொபேட் வாங்கும் முன்பே இறந்துபோன நிறைவேற்றுநரைச் சட்டமே விளக்கப் பகுதியில் எடுத்துக்காட்டுகிறது; அவர் எண்ணத்தைக் காட்டிவிட்டார், ஆகவே கொடை அவருக்குண்டு. உயிலில் ‘நிறைவேற்றும் சிரமத்துக்காக இவருக்கு இரண்டு லட்சம்’ என்பதுபோல எழுதியிருந்தால், விலகுபவர் அதை மறந்துவிட வேண்டியதுதான். அதுவே நியாயம். ‘என் தங்கை மகனுக்கு என் அன்பின் அடையாளமாக’ என்று தெளிவாக எழுதியிருந்தால் கதை வேறாகலாம். வக்கீலிடம் அந்த வாசகத்தைக் காட்டாமல் முடிவெடுக்கக் கூடாத இடம் இது.

சிலருக்கு முழு விலகலே தேவைப்படாது. நிறைவேற்றுநர் பலர் இருந்தால், ஒருவர் விலகியதால் மற்றவர்களின் அதிகாரம் குறைவதில்லை. உயில் வேறு மாதிரி சொல்லாதவரை, மெய்ப்பித்தவர்களில் ஒருவரே எல்லாருக்குமான அதிகாரத்தைச் செலுத்தலாம். வெளியூர், வெளிநாட்டு நிறைவேற்றுநருக்கு 241-ஆம் பிரிவு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் தன் சார்பில் இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்தால், அந்தப் பிரதிநிதிக்கு நீதிமன்றம் நிர்வாக உரிமை வழங்கலாம். மருமகனே வந்து ஆணை பெறும்வரை அது நடக்கும். தொலைவு ஒன்றே தடை என்றால் விலகுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

இன்னொரு கவனம். நம் உயில்களில் ‘நிறைவேற்றுநராகவும் அறங்காவலராகவும்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறார்கள். மனவளர்ச்சி குன்றிய மகனுக்காகச் சொத்தை ஒதுக்கி வைத்தால் இப்படி வரும். இவை இரண்டு தனிப் பொறுப்புகள். ஒன்றைத் துறந்தால் மற்றதும் துறந்ததாக ஆகாது. 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, அறங்காவல் பொறுப்பை ஏற்றவர் பிறகு விலக வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும், அல்லது ஒப்பந்தம் செய்யும் தகுதியுள்ள பயனாளியின் சம்மதம் வேண்டும், அல்லது ஆவணத்திலேயே அதற்கு அதிகாரம் இருக்க வேண்டும். பயனாளி சம்மதம் தர இயலாத பிள்ளை என்றால் நீதிமன்றம்தான் கதி. விலகல் கடிதத்தில் இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

புரொபேட் வாங்கிய பிறகு எழுதிக் கொடுத்து விலகும் பேச்சே இல்லை. அப்போது 301-ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகி, தன்னை விடுவிக்கவும் வேறொருவரை அமர்த்தவும் கேட்க வேண்டும். கணக்கை நேராக்காமல் யாரும் விடுபட முடியாது; அதுவரை செய்தவற்றுக்கான பொறுப்பும் போகாது. இன்னொரு வழி, அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலின் முன்சம்மதத்தோடு, எழுத்து மூலம், அரசிதழில் அறிவித்து, சொத்தை அவரிடம் மாற்றிவிடுவது. 1963-ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு இடம் தருகிறது. அந்த நாள் முதல் புதிய பொறுப்பு எதுவும் முன்னவரைச் சேராது. தனியாள் யாரும் முன்வராத குடும்பங்களுக்கு உண்மையான புகலிடம் அது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டம் இந்தக் கட்டத்தை எளிமையாக்கியிருக்கிறது: சம்பந்தப்பட்டவர்களுக்குப் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்பு கொடுத்து, பதிவாளரிடம் விலகல் கடிதம் தாக்கல் செய்தால் போதும். ஆனால் அங்கும் அடுத்தவர் நியமனம் பெற்று, சொத்து அவர் கைக்குப் போகும்வரை விலகல் நடைமுறைக்கு வராது. சொத்து ஒரு நாள்கூட ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்ற அந்த அக்கறையைச் சட்டங்கள் எல்லாவற்றிலும் காண்கிறோம்.

அடுத்தவர் யார்? நிறைவேற்றுநர் துறந்தாலும் உயில் சாவதில்லை. உயிலின் நகலை இணைத்து நிர்வாக உரிமை ஆணை வழங்கப்படுகிறது. சொத்து முழுவதையும் அல்லது மற்றவர்களுக்குக் கொடுத்தது போக எஞ்சியதைப் பெறுபவர் அதைக் கேட்கலாம். அப்படி எவரும் இல்லையென்றால் உயில் இல்லாதபோது வாரிசாக வந்திருக்கக் கூடியவரோ, உயிலில் பங்குள்ள வேறொருவரோ, கடன் கொடுத்தவரோகூடக் கேட்கலாம். விலகுபவர் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: நிர்வாக உரிமை பெறுபவர் ஜாமீனோடு பத்திரம் எழுதித் தர வேண்டும். நிறைவேற்றுநரிடம் அதைக் கேட்பது பெரும்பாலும் நீதிமன்றத்தின் விருப்பம், இவர்களுக்கோ கட்டாயம். ஆகவே விதவையான அத்தைக்காக மட்டும் எழுதிய எளிய உயிலில், திடகாத்திரமான மருமகன் சோம்பலால் விலகினால், அந்த அத்தை ஜாமீன்தாரரைத் தேடி அலைய வேண்டி வரும். விலகும் உரிமை உண்டு என்பதால் எல்லா விலகலும் நல்லதென்று நான் சொல்ல வரவில்லை.

ஏற்காமலும் விலகாமலும் இருப்பவரை என்ன செய்வது? 229-ஆம் பிரிவு அவருக்காகவே இருக்கிறது. நிறைவேற்றுநர் துறக்காத நிலையில், ‘ஏற்கிறாயா, துறக்கிறாயா’ என்று அவருக்கு நீதிமன்ற அழைப்பாணை அனுப்பாமல் வேறு யாருக்கும் நிர்வாக உரிமை வழங்கக் கூடாது. குறித்த காலத்தில் பதில் வராவிட்டால் மற்றவருக்கு வழி திறக்கும். ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டியது, மனு, அழைப்பாணை, தவணை என்று இழுபடுகிறது. மௌனத்தின் விலையை வாரிசுகள் கட்டுகிறார்கள்.

பொறுப்பில் இருந்தவர்கள் அதைச் செய்யாததால் ஊரே இழந்த கதை சென்னையின் வரலாற்றிலேயே உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறக்கும் முன் எழுதிய உயில், காசி முதல் கன்னியாகுமரி வரையான கோயில்களுக்கும் அறங்களுக்கும் செல்வத்தை ஒதுக்கியது. அவர் கண் மூடியபின் அறங்கள் அவர் நினைத்தபடி நடக்கவில்லை. பணம் வழக்கில் சிக்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்து, அன்றைய மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட் தலையிட்டபிறகே நிதி மீண்டு, எஞ்சிப் பெருகிய தொகையிலிருந்து கல்விப் பணி பிறந்தது. பச்சையப்பன் பள்ளி தொடங்கியது 1842-இல். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டு இடைவெளி. அந்த அரை நூற்றாண்டில் அந்தப் பணத்தில் படித்திருக்கக்கூடிய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இப்போது சட்டத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் எழுதப்பட்ட, அல்லது அந்த எல்லைக்குள் உள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்குப் புரொபேட் கட்டாயம் என்று 213-ஆம் பிரிவு வைத்திருந்தது. மதுரைக்கும் கோவைக்கும் இல்லாத இந்தச் சுமை சென்னைக்கு இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் நிறைவேற்றுநரைப் பொறுத்தவரை இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. முன்பு சென்னையில், புரொபேட் மனுவில் கையெழுத்திட வக்கீல் அலுவலகத்துக்குப் போன அன்று ‘இது எனக்குத் தேவையா’ என்று யோசிக்கும் ஒரு தருணம் தானாக வாய்த்தது. இனி அந்தத் தருணம் வராது. வில்லங்கச் சான்று எடுக்கப் போகிறார், பட்டா மாற்ற மனு எழுதுகிறார், வாடகையை வாங்கி வைக்கிறார். எந்த நாளில் பொறுப்பை ஏற்றோம் என்று தெரியாமலே ஏற்று முடித்துவிடுகிறார். மாவட்டங்களில் காலங்காலமாக நடப்பது இதுவே. நீதிமன்றம் நடுவில் இல்லாத இடத்தில் எழுத்து மூலம் ஏற்பதும் எழுத்து மூலம் விலகுவதும் முன்னைவிட அவசியமாகின்றன.

இதில் பாதிச் சிக்கலை உயில் எழுதும் மேசையிலேயே தீர்த்துவிடலாம். நிறைவேற்றுநர் உயிலில் கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் கேட்பதில்லை. பதிவு செய்யும் சார்பதிவாளர் முன் அவர் வர வேண்டியதும் இல்லை. அதனால்தான் கேட்காமல் எழுதுகிறார்கள். உயில் எழுதித் தரும் வக்கீல்களும் ஆவண எழுத்தர்களும் ‘அவரிடம் கேட்டீர்களா?’ என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். இவர் ஏற்க மறுத்தாலோ, இயலாமல் போனாலோ, எனக்கு முன் இறந்தாலோ இன்னார் என்று மாற்றுப் பெயர் ஒன்றை எழுத வேண்டும். அந்த ஒரு வாக்கியம் இருந்தால் விலகுபவருக்குக் குற்ற உணர்வும் இல்லை, வாரிசுகளுக்கு அலைச்சலும் ஜாமீன் தேடலும் குறையும். முதல் பெயர் வயதில் உயில் எழுதுபவருக்கு மூத்தவராக இருந்தால் இரண்டாம் பெயர் அடுத்த தலைமுறையில் இருக்கட்டும். உயில் முன்பே எழுதி முடித்தாகிவிட்டது, குறித்தவர் இப்போது கையை விரிக்கிறார் என்றால் முழு உயிலையும் புதிதாக எழுதத் தேவையில்லை. நிறைவேற்றுநரை மட்டும் மாற்றும் ஓர் இணைப்புப் பத்திரம் போதும். அதற்கும் உயிலுக்குப்போலவே உயில் எழுதியவரின் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், மூல உயிலைப் பதிவு செய்திருந்தால் இதையும் பதிவு செய்துவிடுவது நல்லது, இரண்டையும் ஒரே உறையில் வைத்து எங்கே வைத்திருக்கிறோம் என்பதைப் புதிய நிறைவேற்றுநரிடம் சொல்லிவிட வேண்டும்.